யார் கொடுத்த வயது?

(பொம்மிடியில் 2025 அக்டோபரில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதம் 2-ஆம் தேதியோடு நம் தருமபுரி மாவட்டத்துக்கு அறுபது நிறைந்துவிட்டது. 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரித்து நம்மைத் தனி மாவட்டமாக்கினார்கள். அன்றைக்கு நடந்துகொண்டிருந்தது விசுவாவசு வருஷம். பிரபவ, விபவ என்று தொடங்கி அட்சய வரை போகிற அறுபது பெயர்களும் ஒரு சுற்று வந்து, இந்தச் சித்திரையில் மறுபடியும் விசுவாவசு பிறந்திருக்கிறது. மனிதர்களுக்கு இப்படி அறுபது நிறைந்தால் பிள்ளைகள் அப்பா அம்மாவைத் திருக்கடையூருக்கு அழைத்துப் போகிறார்கள். மார்க்கண்டேயனுக்கு எமன் கையிலிருந்து உயிரை மீட்டுக் கொடுத்ததாகச் சொல்லும் அந்தக் கோயிலில், பேரன் பேத்திகள் சுற்றி நிற்க, மறுபடி ஒரு தாலி கட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று அதற்கு மேலும் உண்டு. வயது கூடக்கூட அதை ஊர் கூடிக் கொண்டாட வேண்டும் என்று நம்மவர்கள் நினைத்திருக்கிறார்கள். நல்ல நினைப்பு.

தனியாக வருகிற பிறந்தநாள் அப்படி இல்லை. ஐம்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலையில் எழுந்ததும் மனசு ஒரு கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. போனது எத்தனை, பாக்கி எத்தனை, நினைத்ததில் எது நடந்தது, எது நடக்காமலே போயிற்று. நானும் வருஷா வருஷம் இந்தக் கணக்கைப் போடுகிறவன்தான். ஆனால் வயதாக வயதாக, இதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. இந்த வயது எனக்கு எங்கிருந்து வந்தது? யார் யார் கொடுத்தார்கள்? இதைச் சொல்லத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நம் மண்ணில் நின்றுகொண்டு வயதைப் பற்றிப் பேசுகிறவன் அதியமானிடமிருந்துதான் தொடங்க வேண்டும். தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு, ஏறுவதற்கே அரிய மலையிடுக்கில் விளைந்த நெல்லிக்கனி ஒன்று கிடைத்தது. உண்டவர் நெடுநாள் வாழலாம். அவன் அதை உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். இது நாம் இரண்டாம் வகுப்பிலேயே படித்த கதை. தருமபுரிக் குழந்தைக்கு இதைச் சொல்லித்தர வாத்தியார்கூட வேண்டியதில்லை. ஆனால் புறநானூற்றில் ஔவையே இதைப் பாடியிருக்கிற 91-ஆம் பாட்டை நிதானமாகப் படித்தால், நாம் கதையாகச் சொல்லும்போது விட்டுவிடுகிற ஒரு விவரம் அதில் இருக்கிறது. அந்தக் கனியின் பயன் இன்னது என்று அவன் அவளிடம் சொல்லவில்லை. தன் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்தான். சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள், நீயே உண் என்று திருப்பிக் கொடுத்திருப்பாள். அதனால் வாயைத் திறக்கவில்லை. அவள் உண்டு முடித்த பிறகுதான் தெரிகிறது, தனக்கு வந்து சேர்ந்தது இன்னொருவருக்கு வர வேண்டிய ஆயுள் என்று.

கதை அங்கே முடிந்துவிடுவதில்லை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர் மேல் படையெடுத்து வந்தான். அதியமான் இறந்தான். ஔவை இருந்தாள். அவள் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. ஒன்றில், அவனுக்கு நட்ட கல்லுக்குப் படைக்கிறார்களே சிறு கலத்துக் கள், மலையோடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் அதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறாள். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்குக் கொடுப்பான், நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவைத்துத் தானும் சேர்ந்து உண்பான் என்று இன்னொன்றில் நினைவுகூர்கிறாள். அவன் கொடுத்த ஆயுளில்தான் அவள் அவனுக்கே ஒப்பாரி பாடினாள் என்பதை யோசித்துப் பாருங்கள். நமக்கு நாள் கொடுத்தவர்கள் போன பிறகும் நாம் இருப்போம், இருந்து அவர்களைப் பற்றிச் சொல்வோம். முதுமை எனக்கு முதலில் காட்டியது இதைத்தான். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நடுகற்களை வைத்திருக்கிறார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்க நின்று செத்தவன். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் அவனால் பிழைத்துக் கிழடாகிப்போன ஒரு ஊர் இருந்திருக்கும். பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையாரையும் இங்கே சொல்ல வேண்டும். வயது இவ்வளவு ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்டார்கள். மனைவி நல்லவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் என் மனம் அறிந்தவர்கள், அரசன் முறை தவறாதவன், எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் அடக்கமான சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்று பதில் சொன்னார். உணவைச் சொல்லவில்லை, மருந்தைச் சொல்லவில்லை, தன் கட்டுப்பாட்டைக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பதில் முழுக்க மற்றவர்கள்தான் இருக்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

நான் பள்ளிக்கூடத்திலேயே காலத்தைக் கழித்தவன். ஜூன் மாதம் பிறந்தால் தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் அம்மாக்கள் குழந்தைகளை இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் கொண்டு வருகிறவர்கள் குறைவு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இலேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தையின் பெயரை அலுவலகம் தேடிப் போய்ப் பதியும் வழக்கம் சிற்றூர்களில் வேரூன்ற வெகுகாலம் ஆயிற்று. குழந்தை வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொட வேண்டும். விரல் காதை எட்டினால் ஐந்து வயது ஆயிற்று என்று அர்த்தம். எட்டாவிட்டால் அடுத்த வருஷம். எட்டியவுடன் தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்பார்.

“ஏம்மா, பையன் எப்பப் பொறந்தான்?”

“தேதியெல்லாம் தெரியாதுங்க சார். புளி உலுக்கற காலம். இவங்கப்பா மரத்து மேல இருந்தாரு, நான் கீழ பொறுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் வலி எடுத்துச்சு. எங்க சின்ன மாமியாதான் தாங்கிப் புடிச்சு ஊட்டுக்குக் கூட்டியாந்தாங்க. மருத்துவச்சி வர்றதுக்குள்ள பொறந்துட்டான்.”

ஐந்து வயது நிறைந்திருக்கும்படி மே மாதத்திலோ ஜூன் முதல் தேதியிலோ ஒரு நாளை அவர் எழுதுவார். அதுதான் அந்தப் பையனின் பிறந்தநாள். வேலைக்கும் அதுதான், கல்யாணப் பதிவுக்கும் அதுதான், ஓய்வு பெறுவதற்கும் அதுதான். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிற ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேர் மே, ஜூன் மாதத்துப் பிள்ளைகள் என்று கை தூக்கச் சொன்னால் பாதிக் கை எழும். என் பிறந்தநாளும் அப்படி எழுதப்பட்ட மே மாதத் தேதிதான். என் அம்மா சொல்லும் கணக்கில் நான் மாசியில் பிறந்தவன்.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். குழந்தை பிறந்த மருத்துவமனையிலேயே பதிந்துவிடுகிறார்கள். இது வேண்டிய மாற்றம், நான் முழு மனசோடு வரவேற்கிறேன். தேதி என்பது சின்ன விஷயம் இல்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி, மண்டபம் வரை போனதைத் தடுத்து நிறுத்தப் பள்ளிச் சான்றிதழில் இருந்த ஒரு தேதியே போதுமாக இருந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்குப் பதினெட்டு என்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் வந்தால் அதிகாரிகள் முதலில் கேட்பது பிறந்த தேதிக்கான ஆதாரத்தைத்தான். நம் மாவட்டத்தில் இந்த எண்ணை ஒவ்வொரு பெண் குழந்தையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தத் தாய் சொன்ன பதிலை நான் மறப்பதே இல்லை. அவளிடம் கேட்டது தேதி. அவள் சொன்னதோ, அந்தக் குழந்தை உயிரோடு பூமிக்கு வந்து சேர்ந்தபோது யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பது. மரத்தின் மேல் அப்பா, தாங்கிப் பிடித்த சின்ன மாமியார், ஓடிவந்த மருத்துவச்சி. பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

குழந்தை பிறந்து தங்குவதே அன்றைக்குப் பெரிய காரியம். சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியாவில் பிறந்த ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் 32 வருஷம். இன்று எழுபதை ஒட்டி. இதைப் படிக்கிறவர்கள், அந்தக் காலத்தில் எல்லோரும் முப்பத்திரண்டில் கிழவர்களாகிச் செத்தார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. எண்பது வயதுத் தாத்தாக்கள் அன்றும் இருந்தார்கள். சராசரியைக் கீழே இழுத்தது குழந்தைகளின் சாவு. 1971-இல்கூடத் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்னே இறந்துபோயின. 2020-இல் அது 13. ஆயிரத்துக்கு நூறு குழந்தைகள் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். அந்த நூறு பேரின் முதல் பிறந்தநாளை அவர்களுக்கு யார் கொடுத்தது?

நமக்குத் தெரியும், பார்த்திருக்கிறோம். வெயிலில் குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையடிவாரம் வரை நடந்து போய்த் தடுப்பூசி போட்ட கிராம சுகாதாரச் செவிலியர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரிகிற ஆரம்ப சுகாதார நிலையம். அங்கன்வாடியில் எடை போட்டு, எடை ஏறவில்லை என்று வீடு தேடி வந்து சத்துமாவு கொடுத்த ஆயா. 2008-இலிருந்து ஓடுகிற 108 வண்டி. என் தலைமுறை குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டால் வேப்பிலை கட்டி மாரியம்மனிடம் வேண்டிக்கொள்வதுதான் ஒரே வழி. இந்தியாவில் பெரியம்மை 1975-இல் ஒழிந்தது. அதற்காகத் தெருத் தெருவாக வந்து ஊசி குத்தியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. நம் தோளில் இருக்கிற வட்டத் தழும்பு அவர்கள் வைத்துவிட்டுப் போனது. என் பிறந்தநாளில் நான் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதுண்டு.

இப்போது சொல்லப்போவது நமக்கு வலிக்கும். ஆனாலும் இந்த மாவட்டத்தில் வயதைப் பற்றிப் பேசுகிறவன் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

2001 கணக்கெடுப்பில், இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதியில், ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான் இருந்தார்கள். மீதிப் பேர் எங்கே? கள்ளிப்பால் என்ற சொல் நம் பக்கத்து ஊர்களில் எதற்குப் புழங்கியது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. வேண்டாம் என்றால் கொல்லாதே, அரசாங்கத்தின் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று சொன்ன திட்டம். 2001-இல் அது தருமபுரிக்கும் வந்தது. நம் மாவட்டத்தில் ஒரு தொட்டில் வைக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 2011-இல் எண்ணிக்கை 913-க்கு ஏறியது. ஏறியதில் மகிழ்ச்சிதான். ஆயிரத்துக்கு ஆயிரம் அருகில் வரும் வரை இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தக் கூடாது.

அந்த வருஷங்களில் பிறந்து, இருந்துவிட்ட பெண் குழந்தைகள் என் வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் ஆயா, அதாவது பாட்டி, பள்ளிக்கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டது, வீட்டில் யார் முகமும் சரியில்லை. “எனக்குத் தெரியாதுங்களா சார், யாரு என்ன நெனைக்கறாங்கன்னு? பச்சப் புள்ளைய என் மடியவிட்டு எறக்கல. பாலுக்கு மட்டும் அவங்க அம்மாகிட்டக் குடுப்பேன், குடிச்சு முடிச்சதும் வாங்கிக்குவேன். ராத்திரிக்கு என் முந்தானையில சுத்திப் படுக்க வெச்சுக்குவேன். முப்பது தீட்டுக் கழியற வரைக்கும் நான் சரியாத் தூங்கல.” அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். “அதுகிட்ட எதுக்குங்க சொல்லிக்கிட்டு?” என்றாள்.

பயனைச் சொல்லாமல் கொடுப்பது தகடூர் வழக்கம் போலிருக்கிறது. அதியமானைப் பாடப் புலவர் இருந்தார். இந்த ஆயாக்களைப் பாட ஆளில்லை. அந்தப் பெண் இன்று முப்பதை நெருங்குகிறாள், சேலத்தில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு வருஷமும் கேக் வெட்டிய படத்தை அனுப்புகிறாள். ஆயா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

குறைந்த வயதில் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா அடங்கியிருக்கிறார். 1884 அக்டோபர் 4-இல் பிறந்து 1925 ஜூலை 23-இல் மறைந்தவர். நாற்பத்தொன்றாவது பிறந்தநாளை அவர் பார்க்கவில்லை. 1908-இல் சிறைக்குப் போனார், உள்ளே தொழுநோய் பிடித்தது. நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. அவர் ஊர் ஊராக நடந்தார், நடந்தே பேசினார். பொம்மிடி ஸ்டேஷனில் நாம் நினைத்த நேரத்துக்கு டிக்கெட் எடுத்து ஏறுகிறோமே, அதை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். கூட்டாளி பாரதி முப்பத்தெட்டில் போனார். இவர்களைவிட இரண்டு மடங்கு நாள் வாழ்ந்துவிட்ட நான், அவர்கள் செய்ததில் ஒரு பங்காவது செய்தேனா என்று கேட்டுக்கொள்ளாத பிறந்தநாள் இல்லை.

பிறந்தநாள்தோறும் தன் வாழ்க்கையை எடுத்துப் பார்த்து எழுதிய மனிதர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். பெரியார். செப்டம்பர் 17 வந்தால் ‘விடுதலை’ பிறந்தநாள் மலரில் அவர் கட்டுரை எழுதுவார். உடம்பு எப்படி இருக்கிறது, இயக்கம் எப்படி இருக்கிறது, மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதுவார். அவருடைய எழுபதாம் வயது நிறைந்த நாள் 1949 செப்டம்பர் 17. அவரை விட்டுப் பிரிந்தவர்கள் அண்ணா தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியதும் அதே நாள். எழுபது வயதில், வளர்த்த பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனதைத் தன் பிறந்தநாளிலேயே பார்க்க நேர்ந்த மனிதர் அவர்.

பத்தொன்பது வருஷம் கழித்து நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். 1968-இல் எண்பத்தொன்பது நிறைந்தபோது எழுதிய கட்டுரையில் பெரியார் மனம் சோர்ந்திருந்தார். இப்படியே போனால் துறவியாகிவிடுவேனோ என்னவோ என்கிற பொருளில் எழுதிவிட்டார். அப்போது முதலமைச்சர் அண்ணா நியூயார்க் மருத்துவமனையில், புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து கிடக்கிறார். அவருடைய பிறந்தநாளும் அதே வாரம், செப்டம்பர் 15, ஐம்பத்தொன்பது நிறைந்திருக்கிறது. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, அக்டோபரில் மருத்துவமனையிலிருந்தே பெரியாருக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் செய்த வேலை வீண்போகவில்லை, எனக்குத் தெரிந்து இத்தனை பெரிய வெற்றியை வேறு எந்தச் சீர்திருத்தக்காரரும் கண்டதில்லை, சோர்வு கொள்ள வேண்டாம் என்பது அதன் சாரம். ஐம்பத்தொன்பது வயது நோயாளி தொண்ணூறைத் தொடுகிற முதியவருக்குத் தைரியம் சொல்கிறார். நான்கு மாதத்தில், 1969 பிப்ரவரி 3-இல், அண்ணா போய்விட்டார். பெரியார் அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஐந்து வருஷம் இருந்தார். நடக்க முடியாமல், சிறுநீர்க் குழாயோடு, வேனிலேயே ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19-இல் சென்னை தியாகராய நகரில் பேசிவிட்டு, 24-ஆம் தேதி வேலூரில் கண்ணை மூடினார். கட்சி, கொள்கை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் பாருங்கள். தொண்ணூறு வயதில் ஒரு மனிதனுக்குத் தேவைப்பட்டது என்ன? உன் வாழ்க்கை வீண் இல்லை என்று, அதைச் சொல்லத் தகுதியுள்ள ஒருவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இதை நம் வீட்டு முதியவர்களுக்கு யார் சொல்கிறார்கள்?

நம் ஊரின் நிலைமை உங்களுக்குத் தெரியும். மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில். பொம்மிடியில் ரயில் ஏறிப் போனவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறார்கள். பிழைப்புக்குப் போனார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் கிழவனும் கிழவியும். 2023-இல் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் ஆயிற்று. அதை வாங்கவும் வயதுக்கு ஆதாரம் வேண்டும், பலருக்கு ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று இருக்கிறது. ரேஷன் கடையில் கருவியின் மேல் விரலை வைத்தால் சிலருக்கு ரேகை விழுவதில்லை. மரவள்ளி பிடுங்கியும் களை வெட்டியும் புளி உடைத்தும் தேய்ந்துபோன விரல்கள். துணியில் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள், மறுபடி வைக்கிறார்கள். அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம், நம்மில் ஒவ்வொருவருக்கும் வயது கொடுத்து முடித்த விரல் இது என்று எனக்குத் தோன்றும்.

வயதானவர்களுக்கு இழப்பு உண்டு, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற முதியவர், ஆற்றங்கரை மரத்தின் மேலேறி, கரையில் நிற்கிறவர்கள் மலைக்கும்படி ஆழமான மடுவில் குதித்து, அடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த தன் இளமையை நினைத்து ஏங்குகிறார். இப்போது கையில் தடி, பேச்சுக்கு நடுவே இருமல். நம் ஊர் ஆண்களுக்கு மடுவுக்குப் பதில் கிணறு. சுரைக்குடுவையை இடுப்பில் கட்டி நீச்சல் பழகி, பிறகு மோட்டார் ரூம் மேலேறிக் குதித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நம்முடைய இளமையும் போய்விட்டது, பல தோட்டங்களில் அந்தக் கிணற்றுத் தண்ணீரும் போய்விட்டது. எண்ணூறு, ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறோம். நமக்குக் கிடைத்ததைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள்போல நாம் பேரனுக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்ற கேள்வி பிறந்தநாளில் வந்தே தீரும். வரட்டும். வாணியாற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் இளைஞர்கள் மட்டும் இல்லை, கிணற்றில் குதித்த அனுபவம் இருக்கிற நாம்தான் முதலில் பேச வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நூலகத்தில் கேட்டு ஒரு பெரிய நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இனி உங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், அன்று வீட்டிலேயே மூத்தவரிடம் உட்கார்ந்து நான்கு விஷயம் கேளுங்கள். நான் பிறந்தபோது யார் யார் இருந்தார்கள். எனக்கு முன்னும் பின்னும் பிறந்து தங்காமல் போனவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தீர்களா. எனக்கு முடியாமல் போனபோது யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எந்த ஊருக்கு. வீட்டில் தானியம் இல்லாத வருஷம் எது, யார் கொடுத்தார்கள். சொல்வதை அவர்கள் பேச்சிலேயே இந்த நோட்டில் எழுதுங்கள், திருத்தி எழுத வேண்டாம்.

முதல் பக்கத்தை என் அம்மா சொன்னதை வைத்து நானே எழுதியிருக்கிறேன். எட்டுப் பெற்றதில் ஐந்து தங்கியது. தங்காத மூன்றில் இரண்டுக்குப் பெயர் வைத்திருந்தார்கள், அந்த இரண்டு பெயரையும் எழுதியிருக்கிறேன். எனக்கு மூன்று வயதில் வயிற்றுப்போக்கு கண்டபோது பக்கத்து வீட்டு மாமா சைக்கிளில் வைத்துத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு மிதித்திருக்கிறார். அந்த மாமாவின் பேரன் இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இது அவனுக்கு இதுவரை தெரியாது.

நோட்டு அந்த மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பெரியவர்கள் முதலில் வாருங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன்.